இரவில் எந்த உயரத்தில் படுப்பது?

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளையும் எங்கும் உட்காராமல் ஏறிவிடுகிற இளைஞர்கள் திருவாலங்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நிறையப் பேர் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் தோளில் காவடியோடு ஏறுகிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் டெல்லியிலிருந்து விமானத்தில் லே நகரில் போய் இறங்கி, விடுதியின் இரண்டாம் மாடிக்குத் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனால் பாதிப் படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். ஏன் என்று கேட்டால் "மேலே ஆக்சிஜன் கம்மி" என்ற பதில் உடனே வரும். ஆனால் லேயின் காற்றைக் குடுவையில் பிடித்துச் சோதித்தால் அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு இருக்கும். திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலை வாசலில் பிடித்த காற்றிலும் அதே 21 விழுக்காடுதான். விகிதம் மாறவில்லை என்றால் மூச்சு வாங்குவது எதனால்? இந்தக் கேள்வியின் விடையைப் புரிந்துகொண்டவர் இமயத்துக்கு பைக்கில் போகத் திட்டமிடும் விதமே வேறாக இருக்கும். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம், எந்தக் கணவாயில் நின்று படம் எடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் கேள்விகள். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுப்பது என்பதுதான் முதல் கேள்வி.

அறுவடை முடிந்த வயலோரத்தில் போட்டிருக்கும் வைக்கோல் போரை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கையை விட்டு ஒரு பிடி உருவினால் வைக்கோல் இறுகி, கை கொள்ளாமல் வரும். உச்சியில் அதே அளவு கையை விரித்து அள்ளினால் பாதிகூடத் தேறாது. இரண்டும் ஒரே வயலின் வைக்கோல்தான். அடியில் இருப்பதை மேலே இருப்பதன் எடை அழுத்தி நெருக்கியிருக்கிறது, உச்சியில் அழுத்த எதுவும் இல்லை, அதனால் தளர்ந்து கிடக்கிறது. காற்றும் இப்படித்தான். கடல் மட்டத்துக்கு அருகில் வாழும் நாம் காற்றுப் போரின் அடியில் இருக்கிறோம். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று முழுவதும் தன் எடையால் கீழே உள்ள காற்றை நெருக்குகிறது. மேலே போகப் போக, நமக்கு மேல் மிஞ்சியிருக்கும் காற்று குறைகிறது, நெருக்கம் தளர்கிறது. நுரையீரல் ஒரு மூச்சுக்கு இழுக்கும் கனஅளவு அங்கும் இங்கும் ஒன்றுதான், அந்த அளவுக்குள் அகப்படும் ஆக்சிஜன் மூலக்கூறுகள்தான் குறைந்துவிடுகின்றன. மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்காக வரும் அழுத்தத்தைப் பகுதியழுத்தம் என்பார்கள். ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளுவது அந்த அழுத்தம்தான். விழுக்காடு மாறாவிட்டாலும் தள்ளும் விசை குறைந்துபோகிறது.

இது எப்படித் தெரிய வந்தது என்பதும் சொல்லப்பட வேண்டிய கதை. 1648 செப்டம்பரில் பிரான்சின் புய் தெ தோம் மலைமேல் ஃப்ளோரின் பெரியே என்பவர் பாதரசக் காற்றழுத்தமானியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறச் சொன்னவர் அவருடைய மைத்துனர் பாஸ்கல். அடிவாரத்தில் இருந்ததைவிட உச்சியில் பாதரச மட்டம் எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு என்பதும், உயரம் கூடினால் அழுத்தம் குறையும் என்பதும் அன்றே நிலைநாட்டப்பட்டன. உடம்பைத் தாக்குவது அழுத்தக் குறைவா, ஆக்சிஜன் குறைவா என்ற கேள்விக்கு விடை வர மேலும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பால் பெர் என்ற பிரெஞ்சு உடலியலாளர் ஓர் இரும்பு அறை செய்து, அதற்குள் தானே உட்கார்ந்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தார். தலை கிறுகிறுத்தபோது, அழுத்தத்தைக் கூட்டாமலே ஒரு பையிலிருந்து ஆக்சிஜனை முகர்ந்தார். உடனே தெளிந்தது. ஆக, குற்றவாளி ஆக்சிஜனின் பகுதியழுத்தக் குறைவுதான். 1878-ல் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1875 ஏப்ரல் 15 அன்று, அவரிடம் பயிற்சி பெற்ற இருவரும் காஸ்தோன் திஸ்ஸாந்தியேவும் செனித் என்ற பலூனில் எட்டாயிரம் மீட்டருக்கும் மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எடுத்து வாயில் வைத்துக்கொள்ளக் கை எழவில்லை. இருவர் இறந்தார்கள், திஸ்ஸாந்தியே மட்டும் உயிரோடு இறங்கினார். மயக்கம் வருவதற்கு முன் பயமே தோன்றவில்லை, இன்பமாகத்தான் இருந்தது என்று பிறகு எழுதினார். ஆக்சிஜன் குறைந்தால் ஆபத்தை உணரும் புத்திதான் முதலில் மங்குகிறது. பைக் ஓட்டுகிறவர் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இப்போது லடாக்கின் எண்களுக்கு வருவோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லேயில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. கர்துங் லா கணவாயில் ஏறக்குறைய பாதி. (அங்கு நெடுங்காலம் இருந்த பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தது, நவீன அளவீடுகளின்படி உண்மை உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு.) எல்லைச் சாலைகள் அமைப்பு 5,798 மீட்டரில் உம்லிங் லா வழியாகப் போட்ட சாலையில் பாதிக்கும் கீழே. கருவி எதுவும் இல்லாமலே இதைக் கண்ணால் பார்க்கலாம். லேயில் தண்ணீர் 88 டிகிரிப் பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் அரிசி எத்தனை நேரம் கொதித்தாலும் சரியாக வேகாது, அங்கே சமையலறைக்குப் பிரஷர் குக்கர் இன்றியமையாதது. நுரையீரலுக்குள் இன்னொரு இழப்பும் உண்டு. உள்ளே போகும் காற்றை உடம்பு ஈரப்படுத்தித்தான் அனுப்பும். அந்த நீராவிக்கு 47 மில்லிமீட்டர் அழுத்தம் போய்விடுகிறது. இந்த 47 கடற்கரையிலும் கணவாயிலும் மாறாது. ஆயிரத்தில் நூறு தண்டம் கட்டுவதைவிட ஐந்நூறில் நூறு தண்டம் கட்டுவது அதிகம் வலிக்கும் அல்லவா? அதனால் மேலே போகப் போக, காற்றழுத்தமானி காட்டுவதைவிட உடம்புக்கு ஏற்படும் நட்டம் கூடுதல்.

இதே காற்றைத்தான் பைக்கும் சுவாசிக்கிறது. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்கத் தொடங்கியதற்குக் காரணமே எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் கேட்ட வண்டிகள்தான். கார்புரேட்டர் இருந்த காலத்தில் கணவாய் ஏறும்போது எஞ்சினே முரண்டு பிடிக்கும். கார்புரேட்டர் காற்றின் எடையை அறியாது. காற்று மெலிந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைப்பதில்லை, அதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, புகை கறுத்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து, வண்டி இழுக்க மறுக்கும். மெக்கானிக் சிறிய ஜெட் மாற்றித் தருவார். 2016-ல் வந்த முதல் என்ஃபீல்டு ஹிமாலயனில்கூடக் கார்புரேட்டர்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஏறக்குறைய எல்லா வண்டிகளுக்கும் வந்துவிட்டது. அதில் ஓர் உணரி உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது, இன்னொன்று புகைக்குழாயில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கிறது, சிறு கணினி அதற்கேற்பப் பெட்ரோலை நொடிப்பொழுதில் திருத்துகிறது. சக்தி குறைவதை அதனால் தடுக்க முடியாது. கர்துங் லாவில் பைக் எஞ்சின் தன் சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு இழக்கும், 40 குதிரைத்திறன் வண்டி 24-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆனாலும் திணறாமல் ஏறிவிடும். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. முன்பெல்லாம் வண்டி திணறியபோது ஓட்டுநரும் நின்றார், ஓய்வெடுத்தார், ஒரு நாள் தாமதமானார். இப்போது வண்டி எதுவும் சொல்லாமல் ஏறுகிறது, ஓட்டுநரின் உடம்பு மட்டும் பின்தங்கி நிற்கிறது. வண்டி நொடியில் செய்துமுடிக்கும் திருத்தத்தைச் செய்ய உடம்புக்கு நாள்கள் வேண்டும்.

ஏன் நாள்கள்? கழுத்தின் இருபுறமும் தமனி கிளைக்கும் இடத்தில் அரிசிமணி அளவில் கரோட்டிட் உறுப்பு என்ற உணரி ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததை அது சில நொடிகளிலேயே உணர்ந்து, மூச்சை வேகப்படுத்தச் சொல்கிறது. மூச்சு வேகமானால் ஆக்சிஜன் கூடுதலாக உள்ளே வரும், அதோடு கார்பன் டையாக்சைடு கூடுதலாக வெளியே போய்விடும். கார்பன் டையாக்சைடு இரத்தத்தில் அமிலத்தன்மை தருவது. அது குறைந்ததும் இரத்தம் காரத்தன்மைக்குச் சாய்கிறது. மூளையில் உள்ள சுவாச மையம் நம் மூச்சைப் பெரும்பாலும் இந்த அமிலக் கணக்கை வைத்தே நடத்துகிறது, அதனால் "போதும், மெதுவாக மூச்சு விடு" என்று கட்டளையிடுகிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு எதிர்க் கட்டளைகள். சிக்கலைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரப் பொருளைச் சிறுநீரில் கழித்து, இரத்தத்தின் அமில-காரச் சமநிலையை மீட்கிறது. அது ஓர் இரவில் முடிகிற வேலையன்று. லே உயரத்தில் பெரும்பகுதி முடிய இரண்டு மூன்று நாள்களாகும், அதற்கு மேலும் சில நாள்கள் தொடரும். மலை உயரத்துக்கு உடம்பு பழகுதல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தச் சிறுநீரக வேலையைத்தான். லேயில் முதல் இரண்டு நாள்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தால் அது பெரும்பாலும் நல்ல அடையாளம்.

"மேலே போனால் இரத்தத்தில் சிவப்பணு கூடிவிடும்" என்பதும் பலர் அறிந்த செய்தி. 1890-ல் பெரு நாட்டின் மொரோகோச்சா சுரங்க ஊரில் வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் தன் இரத்தத்தையே எண்ணிப் பார்த்து இதைக் கண்டறிந்தார். ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்ந்து இந்த உற்பத்தியைத் தூண்டுகின்றன என்று காட்டிய செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் புதுச் சிவப்பணுக்கள் குறிப்பிடத்தக்க அளவில் சேர வாரங்கள் ஆகும். முதல் சில நாள்களில் எண்ணிக்கை கூடியதாகத் தெரிவது, இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்து அது கெட்டியாவதால். பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பில் போகிறவருக்குச் சிவப்பணு கைகொடுக்காது, சிறுநீரகம்தான் கைகொடுக்கும். அதன் வேகத்தை அனுசரித்துத்தான் திட்டம் போட வேண்டும்.

பகலில் தொடும் உச்சியைவிட இரவில் படுக்கும் உயரம் முக்கியம் என்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. கணவாயில் அரை மணி நேரம் நின்று இறங்கிவிடுகிறோம், படுக்கும் இடத்தில் எட்டுப் பத்து மணி நேரம் கழிக்கிறோம். அதுவும் தூக்கத்தில். விழித்திருக்கும்போது நாம் அறிந்தும் அறியாமலும் மூச்சை இழுத்து ஈடுகட்டுகிறோம். தூங்கியதும் மூச்சின் பொறுப்பு முழுவதும் அந்த அமிலக் கணக்கிடம் போகிறது. கார்பன் டையாக்சைடு குறைவாக இருப்பதால் மூச்சு சில நொடிகள் நின்றேவிடும், ஆக்சிஜன் மேலும் சரியும், உடம்பு திடுக்கிட்டு வேகமாக மூச்சிழுக்கும், மறுபடி நிற்கும். லேயில் முதல் இரவு பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சைக் கேட்டவர்கள் பயந்துபோவது இதனால்தான். ஆக, இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆக்சிஜன் மிகவும் தாழ்வது பெரும்பாலும் இரவில். மலை மருத்துவர்கள் தரும் விதியும் தூங்கும் உயரத்தைப் பற்றியதே: 3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே படுக்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சாலைகளைப் பார்ப்போம். மணாலி 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறந்த பிறகு ரோதாங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை, காலையில் கிளம்பினால் மாலைக்குள் பாராலாச்சா லாவைக் கடந்து 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்துக்குப் போய்விடலாம். ஒரே நாளில் படுக்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டது. வழியில் உள்ள ஜிஸ்பாவில் ஓர் இரவு தங்கினாலும் அடுத்த தாவல் ஆயிரம் மீட்டர். உயரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அங்குள்ள நிலத்தின் அமைப்பு. ஆக்சிஜன் குறைவால் வரும் மலைநோய்க்கு மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து தெற்கே இறங்க வேண்டுமென்றால் முதலில் 4,850 மீட்டருக்கு மேலுள்ள பாராலாச்சா லாவை ஏறிக் கடக்க வேண்டும். அடுத்த தங்குமிடமான பாங்கில் இரவு யாருக்காவது முடியாமல் போனால், லே பக்கம் 5,328 மீட்டர் தங்லாங் லா, மணாலி பக்கம் 5,000 மீட்டருக்கு மேல் லாச்சுங் லா. இறங்க வேண்டியவர் எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும். இதே சாலையில் உள்ள தண்டியில் பெட்ரோல் போடும்போது அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய புகழ்பெற்ற பலகையைப் பார்த்து எல்லோரும் கேன் வாங்குகிறார்கள். அந்தத் தூரத்தின் பெரும்பகுதியில் இறங்கிப் படுக்க ஒரு தாழ்வான ஊர் இல்லை என்பதற்குப் பலகை இல்லை.

ஸ்ரீநகர் வழி இதற்கு நேர்மாறு. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனாமார்க் 2,700-க்குச் சற்று மேல், சோஜி லாவைக் கடந்து கார்கில் மீண்டும் 2,700-க்குள், பிறகு 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைப் பகலில் தாண்டி லாமாயுருவிலோ லேயிலோ 3,500. கிலோமீட்டர் கணக்கில் இரண்டு சாலைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரவுகளின் கணக்கில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆகவே ஸ்ரீநகர் வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதே அறிவியல் சொல்லும் திசை. ஒரு வாரத்துக்கு மேல் லடாக்கில் இருந்த உடம்பு பாங்கையும் சர்ச்சுவையும் தாங்கும். லேயிலிருந்து முதலில் போக வேண்டியது நூப்ரா பள்ளத்தாக்கு. வழியில் கர்துங் லா 5,359 மீட்டராக இருந்தாலும், தங்கும் ஊர்களான டிஸ்கிட்டும் ஹுண்டரும் 3,100 மீட்டர் அளவில், லேயைவிடத் தாழ்வு. பகலில் உயரம், இரவில் தாழ்வு. பாங்காங் ஏரி (4,225), ஹான்லே (4,250 அளவில்), த்சோ மோரிரி (4,522) எல்லாம் அதற்குப் பிறகு. நூப்ராவிலிருந்து ஷியோக் வழியாக நேரே பாங்காங் போகும் சாலை ஆசை காட்டும். ஒரே நாளில் படுக்கும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடும் என்பதால், நடுவில் லேயில் இன்னும் ஓரிரவு தங்கிப் போவது மேல்.

"நான் தினமும் ஓடுகிறேன், ஜிம் போகிறேன், இருபத்தாறு வயது" என்று ஒருவர் மறுக்கலாம். இதற்குப் பதில் சொல்ல நல்ல சான்று இருக்கிறது. 1976-ல் வெளியான ஆய்வுக்காகப் பீட்டர் ஹேக்கெட்டும் சக ஆய்வாளர்களும் நேபாளத்தில் எவரெஸ்ட் போகும் வழியில் 4,243 மீட்டரில் உள்ள ஃபெரிச்சே என்ற ஊரில் உட்கார்ந்து, அவ்வழியே வந்த 278 பேரைச் சோதித்தார்கள். 53 விழுக்காட்டினருக்கு மலைநோய் இருந்தது. இளையவர்களுக்கே அதிகம். 2,800 மீட்டருக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களுக்கு அதிகம். வேகமாக ஏறியவர்களுக்கு அதிகம். ஆணா பெண்ணா என்பதோ, முன்பு மலைக்குப் போன அனுபவமோ, எவ்வளவு சுமை தூக்கினார் என்பதோ வித்தியாசம் ஏற்படுத்தவில்லை. தசைக்கு நாம் தரும் பயிற்சி சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அதற்கு முன்பே நம் நாடு இதைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1962 போரின்போது சமவெளியிலிருந்து படைவீரர்கள் அவசரமாக உயரங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டுடல் கொண்ட வீரர்கள் தலைவலியிலும் மூச்சுத்திணறலிலும் விழுந்தார்கள். இந்தர் சிங் தலைமையிலான இந்திய மருத்துவர்கள் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரை உலக மருத்துவத்தில் இன்றும் அடிப்படை ஆவணம். இன்று ராணுவம் 9,000 அடி முதல் 12,000 அடி வரை ஆறு நாள், 15,000 அடி வரை மேலும் நான்கு நாள், அதற்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று பழக்கிய பிறகே வீரரைப் பணியில் இறக்குகிறது. நாட்டின் எல்லையைக் காக்கப் போகிறவருக்கே பதினான்கு நாள் தேவை என்றால், சுற்றுலாப் போகிறவருக்கு அவசரம் என்ன?

காரைக்கால் அம்மையார் கயிலை மலையில் காலால் நடக்கக் கூசித் தலையால் நடந்து ஏறி, பின் இறைவன் சொற்படி திருவாலங்காட்டுக்கு வந்து நடனம் கண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. புராணத்தை அறிவியலுக்குச் சாட்சியாக அழைக்க வேண்டியதில்லை. ஆனால் இமயத்துக்குப் போவது என்றால் மாதக்கணக்கில் நடந்து போவது என்றிருந்த காலத்தில், உடம்புக்கு வேண்டிய அவகாசத்தைப் பாதையே கொடுத்துவிட்டது. அப்போதும் தப்பாதவர்கள் உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய சீன ஆவணம் ஒன்று மேற்கே போகும் வழியில் பெரிய தலைவலி மலை, சிறிய தலைவலி மலை என்று இரண்டைக் குறித்து வைத்திருக்கிறது. சாலையும் சுரங்கமும் விமானமும் அந்த அவகாசத்தைத்தான் எடுத்துக்கொண்டன. அதை நாமே திட்டத்தில் திரும்பச் சேர்க்க வேண்டும்.

அடுத்த மறுப்பு, "ஆக்சிஜன் கேன் கொண்டுபோகிறோம்". கடைகளில் விற்கும் சிறு டப்பாக்களில் இருப்பது சில லிட்டர் வாயு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதரே நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறார். டப்பா தீரச் சில நிமிடம் போதும், தீர்ந்ததும் உடம்பு பழைய நிலைக்கே வந்துவிடும். மருத்துவமனை உருளையும் செறிவூட்டியும் உயிர் காப்பவை, அவை வேறு. கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகரும் வழக்கம் நம்மவர்களிடம் பரவலாக இருக்கிறது. மூக்கில் உள்ள குளிர்ச்சி நரம்புகளை அது தூண்டுவதால் மூச்சு தாராளமாகப் போவதுபோலத் தோன்றும், உள்ளே போகும் ஆக்சிஜன் ஒரு துளியும் கூடாது. அசிட்டசோலமைட் மாத்திரை மட்டும் இவற்றிலிருந்து மாறுபட்டது. சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கழிக்கும் வேலையை அது விரைவுபடுத்துகிறது, ஃபெரிச்சே ஆய்விலும் அது பலன் தந்தது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அது நாள்களுக்குத் துணை, நாள்களுக்கு மாற்று இல்லை. கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்த ஆக்சிமீட்டரை எடுத்துப் போகலாம், ஆனால் லேயில் 88 காட்டுவது அந்த உயரத்துக்கு இயல்பு, 94 காட்டினாலும் தலைவலியும் குமட்டலும் இருந்தால் நோய்தான். விரல் குளிர்ந்திருந்தால் கருவி பொய் சொல்லும். மதுவும் தூக்க மாத்திரையும் இரவு மூச்சை மேலும் அமுக்கும், இரண்டையும் தொடாதீர்கள். அடைத்த கூடாரத்துக்குள் அடுப்பும் கணப்பும் கூடாது, மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் ஏறவேண்டிய ஹீமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"ஆயிரக்கணக்கானோர் மணாலியிலிருந்து இரண்டே நாளில் லே போய்ச் சிரித்த முகத்தோடு திரும்புகிறார்களே?" உண்மை. பெரும்பாலோருக்கு வருவது தலைவலி, குமட்டல், சோர்வு, தலைச்சுற்றல்தான், ஓரிரு நாளில் சரியாகிவிடும். சிலருக்கு அது நுரையீரலில் நீர் கோப்பதாகவோ மூளை வீக்கமாகவோ முற்றும். 1960-ல் சார்லஸ் ஹூஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கும்வரை, திடகாத்திரமான இளைஞர்களுக்கு மலையில் வரும் இந்த நுரையீரல் நீரை நிமோனியா என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அந்தச் சிலரில் நாம் ஒருவரா என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. திரும்பி வந்தவர்களின் படங்களை மட்டும் பார்த்து வழியை முடிவு செய்வது, திரும்பி வராதவர்களை எண்ணாமல் கணக்குப் போடுவது. இன்னொன்றும் இருக்கிறது. நடந்து போகிறவருக்கு லேசான மலைநோய் வந்தால் உட்கார்ந்துவிடுவார். தடுப்புச் சுவர் இல்லாத கொண்டை ஊசி வளைவில் சரளைக் கல்லின் மேல் இருநூறு கிலோ வண்டியைத் திருப்புகிறவருக்கு லேசான நோய் என்று ஒன்று கிடையாது. பலூனில் போனவர்களுக்கு நடந்ததுபோல அவருடைய தீர்மானமும்தான் மங்குகிறது, மங்கியது அவருக்குத் தெரிவதில்லை. அதனால் தனியாகப் போகாமல், ஒருவரை ஒருவர் கவனிக்கப் பழகியவர்களோடு போவது நல்லது. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் விடாமல் வருகிறதா, பெருவிரலுக்கு முன் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறுகிறாரா, பேச்சு குழறுகிறதா என்று நண்பர்தான் பார்க்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் வண்டியை விட்டுவிட்டுக் காரில் கீழே இறக்க வேண்டும்.

கடைசியாக வரும் மறுப்புதான் நியாயமானது: "பத்து நாள் விடுப்புத்தான் கிடைக்கும்." பத்து நாளில் உம்லிங் லாவும் வேண்டும், ஹான்லேயும் வேண்டும், பாங்காங்கும் வேண்டும் என்றால் குறைவது ஓய்வு நாள்கள்தான். நான் சொல்வது, ஊர்களைக் குறையுங்கள். விமானத்தில் நேரே லேயில் இறங்கி வாடகை வண்டி எடுப்பவர்கள் முதல் இரண்டு நாள் வண்டியின் சாவியையே வாங்காதீர்கள், மூன்றாம் நாள் சிந்து ஆற்றங்கரையை ஒட்டிய தாழ்வான சாலைகளில் ஓட்டுங்கள், பிறகு நூப்ரா, அதற்குப் பிறகுதான் பாங்காங். உம்லிங் லாவை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஒரு தாள் எடுத்தால் அதன் இடப்பக்கத்தில் முதலில் இரவுகளை எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே படுக்கும் உயரத்தை எழுதுங்கள், ஐந்நூறுக்கு மேல் தாவும் இடங்களில் எல்லாம் ஒரு நாளைச் செருகுங்கள். கிலோமீட்டர், பெட்ரோல், விடுதி எல்லாம் அதற்குப் பிறகு எழுதலாம். காலையில் எழும்போது தலைவலி இருந்தால், அன்றைய திட்டம் எதுவாக இருந்தாலும், இன்னும் மேலே போகாதீர்கள்.